கையை எடுத்த பிறகு

என் வேலை எலிகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டுவது. இதைச் சொன்னால் எல்லோரும் முதலில் சிரிப்பார்கள். அடுத்து, "இதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?" என்பார்கள். என் சொந்த அண்ணனே அப்படித்தான் கேட்டான். "ஆமா, எலி நிஜமாவே சிரிக்குமா?" என்று கேட்பவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர். அவர்களோடு மட்டும்தான் நான் உட்கார்ந்து பேசுவேன்.

சிரிக்கும். நம் காதுக்கு எட்டாத சுருதியில் சிரிக்கும். வௌவால்களின் சத்தத்தைக் கேட்பதற்கென்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. எட்டாத உயரத்தில் போகும் சத்தத்தை நமக்குக் கேட்கிற அளவுக்கு அது கீழே இறக்கித் தரும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு குட்டி எலியை மல்லாக்கப் புரட்டி வயிற்றில் விரல்களை ஓட்டினால், பெட்டிக்குள் கீச்சுக் கீச்சென்று பொரிந்து தள்ளும். முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சின்ன வயதில் நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு துரத்திய எலிகள் எல்லாம் வளைக்குள் போய் இப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தனவா என்று அன்றைக்கு முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் எங்கள் மேடம் அந்தச் சத்தத்தை மட்டும் நம்ப மாட்டார். ஆராய்ச்சிக்கூடமே அவருடையது. எதையும் சட்டென்று நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே படித்தவர். "சத்தம் உடம்பு போடுறது. அதுக்குப் பிடிச்சிருக்கான்னு தெரியணும்னா, கையை எடுத்துட்டுப் பாருங்க" என்பார். அதனால் எங்கள் வேலைக்கு இரண்டு பாதி உண்டு. முதலில் மூட்ட வேண்டும். பிறகு கையைச் சட்டென்று எடுத்து, பெட்டியின் அந்தக் கோடியில் அசையாமல் வைக்க வேண்டும். எலி ஓடி வந்து கையைத் தேடிப் பிடித்தால் அது விளையாட்டு. வராமல் தன் மூலையிலேயே உட்கார்ந்திருந்தால், முன்பு எவ்வளவு கீச்சிட்டிருந்தாலும் அன்றைக்கு அதைத் தொந்தரவு செய்யக் கூடாது.

நான் மூட்டுகிறவள் என்பதால் அங்கே எனக்குப் பெயர் கை. ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்கிற பையனுக்குக் காது. "கை வந்தாச்சா?" "காது இன்னும் வரலை மேடம்." புதிதாக வருகிறவர்கள் மிரண்டு போவார்கள்.

கையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பதற்கு என்ன இருக்கிறது? நான் மூட்டிய எலிகள் எல்லாம் கையை எடுத்ததும் விழுந்தடித்துக்கொண்டு வரும். வாத்தியார் என்று ஒரு எலி. மூக்குக்கு மேல் கண்ணாடி போட்டது மாதிரி இரண்டு பழுப்பு வளையம். அது என் விரலைப் பிடித்து இழுத்து மறுபடி தன் வயிற்றில் வைத்துக்கொள்ளும். மென்மையான வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டுதான் மூட்டுவேன். அந்தக் கையுறைகளை அங்கே சலவைக்குப் போட்டால் பூ வாசனைத் தூளைக் கொட்டி நாறடித்துவிடுவார்கள், எலிக்கு அது ஆகாது. அதனால் யாரையும் நம்பாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, வெறும் தண்ணீரில் நானே அலசி, எங்கள் அடுக்ககத்து மொட்டை மாடியில் காயப்போடுவேன். காலையில் ஒரு ஜோடியைக் கொடியில் போட்டுவிட்டுப் போனால் சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டை மேடமே பாராட்டியிருக்கிறார்.

வெளியே இவ்வளவு பெருமை. வீட்டில் என்னிடம் வராத ஒரே ஜீவன் எட்டு வயதுப் பெண்.

என் கணவருக்கு இது இரண்டாவது கல்யாணம், எனக்கு முதல். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிற மனிதர். அவருடைய மகளை வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவோம். அவளுடைய அம்மா வேறு நாட்டில் வேறு வாழ்க்கையில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவார். சுண்டு என்னிடம் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னை எப்படியும் கூப்பிட்டதும் இல்லை. "அப்பா, அவங்ககிட்ட உப்பு வேணுமான்னு கேளுங்க" என்று, நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது கேட்பாள்.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு நாள் சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். என் கை சும்மா இருக்குமா? விலாவில் விரல்களை ஓட்டினேன். அப்படி ஒரு சிரிப்பு! கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து சோபாவில் உட்காரும்போது எங்களுக்கு நடுவில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டாள். அப்புறம் சோபாவுக்கே வருவதில்லை. அவ்வளவு சிரித்த பிள்ளை ஏன் ஓடுகிறாள் என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அவள் தானாக ஒரு தடவை என்னிடம் வந்துவிட மாட்டாளா என்று எனக்கு ஏக்கமாகவே இருந்தது. அதை என் கணவரிடம் சொன்னால், "குழந்தைதானே, சரியாயிடும்" என்பார். லிஃப்டைத் தவிர எல்லாமே அவருக்குத் தானாகச் சரியாகிவிடும்.

வேறு வழி தெரியாமல் சாப்பாட்டு மேஜையில் எலிகளைப் பற்றிப் பேசுவேன். பெரிய எலி சின்ன எலியோடு மல்லுக்கட்டும்போது அவ்வப்போது தோற்றுக்கொடுக்கும், எப்போதும் தானே ஜெயித்தால் சின்னது விளையாட வராமல் போய்விடும் என்று சொல்வேன். நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாது, விரல் எங்கே வரப்போகிறது என்று மூளைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்பேன். எனக்கு மட்டும் எங்கேயுமே கிச்சுகிச்சு கிடையாது என்றும் பெருமையடிப்பேன். கையை எடுத்துவிட்டுக் காத்திருக்கும் கதையை எத்தனை தடவை சொன்னேனோ. அவர் "ம்" கொட்டுவார். சுண்டு தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு எழுந்து போவாள். சுவரிடம் பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்படி இருக்கும்போதுதான் எலிகள் சிரிப்பதை நிறுத்தின.

ஒரு திங்கட்கிழமை காலை. வாத்தியாரைப் புரட்டினேன். உடம்பு விறைத்தது. விரலை ஓட்டினேன். காது ஹெட்போனைக் கழற்றித் தட்டிப் பார்த்துவிட்டு, "பெட்டி வேலை செய்யுதுக்கா. எலிதான் வேலை செய்யல" என்றான். கையை எடுத்துக் கோடியில் வைத்தேன். வாத்தியார் எதிர் மூலையில் ஒண்டிக்கொண்டு என் கையையே பார்த்தது. அடுத்த எலியும் அப்படியே. அதற்கடுத்ததும்.

மேடத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவருக்கு ஏதாவது புரியாமல் போனால் இளமை திரும்பிவிடும். விளக்கை மங்கலாக்கிப் பார்த்தோம். வெளிச்சம் அதிகமானால் எலிகளுக்குப் பயம், பயந்தால் விளையாட்டு வராது. தீனி மூட்டையை மாற்றினோம். ஏசியின் உறுமல் காரணமோ என்று நிறுத்திவிட்டு எல்லோரும் வியர்த்தோம். கூண்டுகளைச் சன்னலிலிருந்து தள்ளி வைத்தோம். ஒன்றும் ஆகவில்லை. எலிகள் நன்றாகத் தின்றன, தூங்கின, ஒன்றோடொன்று லேசாக உரசக்கூடச் செய்தன. என் கை உள்ளே போனதும் மட்டும் மூலைக்கு ஓடின.

அப்புறம் மேடம் ஒரு காரியம் செய்தார். அலமாரியிலிருந்து புதுக் கையுறை ஒன்றைப் பிரித்துக் காதிடம் கொடுத்து, "நீ மூட்டிப் பாரு" என்றார். அவன் எலியை மூட்டுவது, பிடிக்காதவர் வீட்டில் கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும். அதற்கே வாத்தியார் கொஞ்ச நேரத்தில் கீச்சிட்டது. கையை எடுத்ததும் தயங்கித் தயங்கி அவன் பக்கம் போனது. எனக்கு மூக்குடைந்து போயிற்று. போயும் போயும் இவனுக்கா என்று வயிறு எரிந்தது.

"தப்பு உங்ககிட்ட இருக்கணும், இல்ல உங்க கையுறையில இருக்கணும்" என்றார் மேடம். "உங்ககிட்டன்னா, கையை மாத்தணும். வேற வழி இல்ல." அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். கையை மாற்றினால் நான் கூண்டு கழுவுகிற பக்கம் போக வேண்டும். மூட்டத் தெரியாத கைக்கு அங்கே வேறு உபயோகம் இல்லை.

என் கையுறையைக் கழற்றி வாங்கி உருப்பெருக்கியின் கீழ் விரித்தார். விரல் இடுக்குகளில் மெல்லிய முடிகள். எங்கள் எலிகள் வெள்ளையும் பழுப்பும். இந்த முடியிலோ நுனி கறுப்பு, நடுவில் மஞ்சள், அடியில் சாம்பல்.

"உங்க வீட்டுல பூனை இருக்கா?"

"ஐயோ, இல்ல மேடம். எனக்குப் பூனைன்னாலே ஆகாது."

"இது பூனை முடிதான்" என்றார். எங்கள் எலிகள் ஆராய்ச்சிக்கூடத்திலேயே பிறந்தவை. அவற்றின் பாட்டனுக்குப் பாட்டன்கூடப் பூனையைக் கண்ணால் பார்த்திருக்காது. ஆனாலும் ஒரு முடி போதும். அந்த வாசனை மூக்கில் ஏறிவிட்டால், பார்க்காத பூனைக்குப் பயந்து விளையாட்டை மறந்துவிடும், அந்தப் பயம் நாள்கணக்கில்கூட நிற்கும் என்று விளக்கினார். "ஆச்சரியம் இல்ல?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆச்சரியம்தான். எனக்கு அப்போது அனுபவிக்க முடியவில்லை.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் யோசனை. அப்போதுதான் கிளிப் ஞாபகம் வந்தது. நான் கையுறையை மணிக்கட்டுப் பக்கம் கிளிப் போட்டுத் தொங்கவிடுவேன். கொஞ்ச நாளாகச் சாயங்காலம் போய்ப் பார்த்தால் விரல் நுனியில் கிளிப் மாட்டியிருந்தது. மேல்வீட்டு அம்மாதான் தன் போர்வைக்கு இடம் வேண்டும் என்று எடுத்துத் தள்ளிப் போடுகிறார் என்று நினைத்து, படிக்கட்டில் வைத்து அவரிடம் வாயைக் கொடுத்து, வாங்கியும் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவிடம் பூனை இல்லை. அப்படியானால் யார்?

வீடு பூட்டியிருந்தது. எங்களுக்கு முன்னால் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடும் சுண்டுவின் பை மட்டும் கதவுக்கு வெளியே கிடந்தது. நான் மாடிப்படி ஏறினேன்.

கொடியில் ஒரு கையுறைதான் இருந்தது. அதன் ஜோடியைக் காணோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து பேச்சுக் குரல் கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் எட்டிப் பார்த்தேன்.

தொட்டியின் நிழலில் ஒரு அட்டைப்பெட்டி. அதன் முன்னால் சம்மணம் போட்டுச் சுண்டு. அவள் வலது கையில் என் கையுறை, விரல் நுனியெல்லாம் காலியாகத் தொங்குகிறது. அந்தக் கைக்கு அடியில் மல்லாந்து கிடந்து நாலு காலாலும் உதைக்கிறது, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வரிப்பூனைக் குட்டி.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று அடியெடுத்து வைக்கப் போனேன். கால் நின்றுவிட்டது. சுண்டு மூட்டுவதை நிறுத்தி, கையைச் சட்டென்று எடுத்து, ஒரு முழம் தள்ளித் தரையில் அசையாமல் வைத்தாள். "இப்ப காத்திருக்கணும். நாமளா போகக் கூடாது" என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். குட்டி எழுந்து, உடம்பை உதறி, பின்பக்கத்தை ஆட்டிக் குறி பார்த்து, கையுறை மேல் பாய்ந்தது. "பாத்தியா, பிடிச்சிருக்கு!" என்றாள். உடனே, "ஐயோ நான் தோத்துட்டேன்" என்று பொத்தென்று மல்லாந்து படுத்து, குட்டியைத் தன் வயிற்றின் மேல் ஏறவிட்டாள்.

சுவர் என்று நான் நினைத்தது ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

என் நிழல் விழுந்ததும் துள்ளி எழுந்தாள். குட்டியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அதற்கு முன்னால் நின்றுகொண்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"துரத்திடுவீங்களா?"

அவள் நேராக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. என் வாயில் வேறு நிறைய இருந்தது. இந்தக் குட்டியால் என் வேலை போக இருந்தது, எலிகளெல்லாம் ஒரு வாரமாக மூலையில் கிடக்கின்றன, மேல்வீட்டு அம்மாவிடம் தெருவே கேட்க ஏச்சு வாங்கினேன். குட்டியை ஒரு பையில் போட்டுக் கீழே கொண்டுபோய் விட்டால் அத்தோடு பிரச்சினை முடிந்தது. இந்தப் பெண் என்னிடம் வருவதும் அத்தோடு முடிந்துவிடும். இரண்டும் எனக்கு அந்த ஒரு நொடியில் தெளிவாகத் தெரிந்தது.

முட்டி மடக்கித் தரையில் உட்கார்ந்தேன்.

"கையை எடுத்துட்டு எவ்வளவு நேரம் காத்திருப்ப?" என்று கேட்டேன். தந்திரமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "அது வர்ற வரைக்கும்."

"வரலைன்னா?"

"வரலைன்னா அன்னைக்கு விளையாட்டு இல்ல. நீங்கதானே சொன்னீங்க." கையுறையின் காலி விரல் நுனியைப் பிடித்து இழுத்தாள். "எங்கிட்ட மட்டும் நீங்க கையை எடுக்கவே இல்ல."

"என்ன சொல்ற? நீ அப்படிச் சிரிச்சியே சுண்டு!"

"சிரிப்பு தானா வந்துச்சு. எனக்கு மூச்சு முட்டுச்சு. போதும் போதும்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னதால உங்களுக்குக் கேக்கல."

அழுகை வந்துவிட்டது. சத்தத்தை நம்பாதே என்று தினமும் கேட்டுக்கொண்டு, அதையே வேலையாகவும் செய்கிறவள், வீட்டுக்கு வந்ததும் சத்தத்தை மட்டும் நம்பியிருக்கிறேன். "எனக்குக் கேக்கலதான். தப்பு என்னோடது" என்றேன். அவள் குனிந்து குட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள்.

"துரத்த மாட்டேன். ஆனா கையுறையில இதோட முடி ஒட்டிக்கிட்டு எலிங்க எல்லாம் பயந்து கிடக்கு."

"எலிங்களா?" அவளுக்கு அதிர்ச்சி. "வாத்தியாரும் பயந்துடுச்சா?"

"அதுதான் முதல்ல."

அவள் முகம் தொங்கிவிட்டது. நிஜமான வருத்தம். "எனக்குத் தெரியாது. சத்தியமா" என்றாள். இனிமேல் கையுறைகளை அங்கேயே வெறும் தண்ணீரில் அலசிக்கொள்கிறேன், உள்ளே போகும்முன் குளித்து உடை மாற்றிக்கொள்கிறேன், இந்தப் பழைய ஜோடியை நீயே வைத்துக்கொள் என்றேன். எலிகளின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன், அதற்காக யாரும் காத்திருக்க வேண்டாம்: சில நாளில் அவை மறுபடி கீச்சிட்டன, காது மறுபடி காதாக ஆனான், கையை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மாடியில் அன்றைக்கு அந்தப் பேச்சோடு முடியவில்லை. சுண்டு ஏதோ யோசித்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்குக் கிச்சுகிச்சு இல்லைன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா, எனக்குக் கிடையாது."

"யாரு மூட்டிப் பாத்தாங்க?"

யோசித்தேன். "நான்தான். நானே."

"தனக்குத் தானே மூட்டினா யாருக்குமே வராது" என்றாள், பொறுமையாக, முட்டாளுக்குச் சொல்கிற மாதிரி. "நீங்கதான் சொன்னீங்க."

எனக்கு நாற்பது வயது நெருங்குகிறது. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அநாவசியமாகத் தொட மாட்டார்கள், நான் அப்படித்தான் வளர்ந்தேன். இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. அவள் குட்டியை இறக்கிவிட்டு, கையுறையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கிட்டே வந்தாள். "மூட்டவா?" என்று கேட்டாள். நான் அவளிடம் கேட்காத கேள்வி. சரி என்று தலையாட்டினேன்.

விலாவில் கையுறை பட்டதுதான் தெரியும். என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, என்னுடையது என்று எனக்கே நம்ப முடியாத சத்தம். உருண்டேன். கீழே யாரோ சன்னலைத் திறந்து, "யாரு மேல?" என்று கத்தினார்கள், மேல்வீட்டு அம்மாவாகத்தான் இருக்கும். எனக்கு அடக்க முடியவில்லை. வயிறு வலிக்க, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தேன்.

கை நின்றது.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். சுண்டு எழுந்து போய்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கையுறை போட்ட கையைத் தரையில் தட்டையாக வைத்திருந்தாள். குட்டி அதன் மேல் பாயக் கிளம்பியபோது மற்ற கையால் பிடித்து மடியில் அமுக்கிக்கொண்டாள். அவள் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. தரையில் இருந்த கையையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

நான் அவ்வளவு சிரித்தது அவளிடம் கணக்கில் இல்லை.

எங்களுக்கு நடுவில் வெயில் பட்ட சிமெண்டுத் தரை. சுட்டது. முட்டி வேறு வலித்தது. உள்ளங்கைகளையும் முட்டிகளையும் ஊன்றி, அந்தக் கையை நோக்கிப் போனேன்.